புல்லை மிதிக்காத கால்கள்

கூண்டிலிருந்து மீட்ட நாயை முதன்முதலாகப் புல்தரையில் இறக்கிவிடும்போது சுற்றியிருப்பவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துள்ளிக் குதித்து ஓடும் என்ற எதிர்பார்ப்புதான். பெரும்பாலும் அது ஓடாது. முன்காலைத் தூக்கும், தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருக்கும். வயது ஆறு இருக்கலாம். எட்டு, பத்து ஈத்து போட்ட பெட்டையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றுவரை அதன் பாதம் பட்டது கம்பிவலையில் மட்டும்தான். காலுக்குக் கீழே மெத்தென்று, ஈரமாக, குத்துவது போல ஏதோ ஒன்று இருப்பது அதற்குத் திகிலூட்டும் செய்தி.

இந்த நாய்கள் வரும் இடத்தை அமெரிக்காவில் ‘பப்பி மில்’ என்கிறார்கள். நெல் அரைக்கும் மில், நூல் நூற்கும் மில் போல, நாய்க்குட்டி உற்பத்தி செய்யும் மில். இரண்டாம் உலகப் போருக்குப் பின், மிசௌரி, கான்சாஸ் போன்ற நடுமேற்கு மாநிலங்களில் விளைச்சல் கைகொடுக்காத விவசாயிகள் நாய் வளர்ப்பில் இறங்கினார்கள். கோழிக்கூண்டுகள் நாய்க்கூண்டுகள் ஆயின. நகரத்துச் செல்லப்பிராணிக் கடைகள் குட்டிகளை வாங்கிக்கொண்டன. 1984-இல் மினசோட்டாவில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இந்தச் சொல்லுக்குப் பொருளே சொல்ல வேண்டி வந்தது: செலவைக் குறைத்து லாபத்தைப் பெருக்க, நாய்களின் உடல்நலத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் இனப்பெருக்கத் தொழில்.

ஒளிந்து மறைந்து நடத்தும் திருட்டுத் தொழில் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் 1966-இலேயே வந்துவிட்டது. அதன் கீழ் உள்ள விதிகளில் கூண்டின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. நாயின் மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளக்க வேண்டும். அதனுடன் 6 அங்குலம் கூட்டி, வருவதைப் பெருக்கிச் சதுரமாக்க வேண்டும். 18 அங்குல நீளமுள்ள நாய்க்கு 24-க்கு 24 அங்குலம், அதாவது 4 சதுர அடி. உயரம், தலைக்கு மேல் 6 அங்குலம் இருந்தால் போதும். இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு வாழ்க்கையே முடிந்துபோகும். கூண்டின் அளவைப் பொறுத்தவரை, உரிமம் பெற்றவர் சட்டத்தை மீறியவராகவும் ஆகமாட்டார். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 63 நாள். ஒவ்வொரு பருவத்திலும் சேர்த்துவிட்டால் ஆண்டுக்கு இரண்டு ஈத்து. மில்லின் கணக்கு இவ்வளவுதான்.

மீட்கப்பட்ட நாயின் உடம்பில் இந்தக் கணக்கு முழுவதும் எழுதியிருக்கும். கம்பியின் மேலேயே நின்று நின்று விரல்கள் அகன்று விரிந்திருக்கும், விரலிடுக்கில் சீழ்க்கட்டிகள். தேய வழியில்லாத நகம் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தி நிற்கும். சடைபிடித்த முடி தோலை இழுத்து, உள்ளே புண். சிறுநீரின் அம்மோனியாக் காரம் கண்களைத் தின்றிருக்கும். சிறிய இன நாய்களில் பல்லின் சீழ் தாடை எலும்புவரை இறங்கி, வாயைத் திறந்து பார்க்கும்போதே எலும்பு முறிந்துவிடுமோ என்று மருத்துவர் தயங்கும் அளவுக்குப் போயிருக்கும். கருப்பையில் சீழ், மடியில் கட்டி. போதாததற்கு ‘புரூசெல்லா கேனிஸ்’ என்ற பாக்டீரியா: நாய்களில் கருச்சிதைவை உண்டாக்குவது, மனிதருக்கும் தொற்றக்கூடியது. அதனால் விவரம் தெரிந்த மீட்புக் குழுக்கள் இரத்தப் பரிசோதனை முடியும்வரை இந்த நாய்களை மற்ற நாய்களுடன் சேர்ப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. பல்லைப் பிடுங்கலாம், கருப்பையை அகற்றலாம், சடையை மழித்துவிடலாம். சில வாரங்களில் நாய் தேறிவிடும். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

புதிதாக இந்தப் பணிக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு ஒன்றுண்டு. “எவ்வளவு சாது பாருங்கள், தூக்கினால்கூட அசையவில்லை” என்று மெச்சுவார்கள். அது சாதுத்தனம் இல்லை. அச்சம் தாக்கும்போது ஒரு விலங்குக்கு மூன்று வழிகள்: எதிர்ப்பது, ஓடுவது, உறைந்துபோவது. கூண்டுக்குள் முதல் இரண்டுக்கும் இடமில்லை. மிஞ்சியது மூன்றாவது. உறைந்து நிற்கும் நாயின் இதயம் உள்ளே படபடத்துக்கொண்டிருக்கும். கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். மூக்குக்கு முன் வைத்த கோழித்துண்டை முகர்ந்துகூடப் பார்க்காது. அந்தக் கோழித்துண்டே வெப்பமானி. தின்கிறதா, தின்னவில்லையா என்பதை வைத்தே அதன் அச்சம் எந்த அளவில் இருக்கிறது என்று அனுபவசாலிகள் கணிக்கிறார்கள்.

2011-இல் இதை எண்களில் பிடித்துக் காட்டினார்கள். யூட்டா மாநிலத்தின் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் விலங்கு நலச் சங்கத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஃபிராங்க்ளின் மெக்மில்லன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டெபோரா டஃபி, ஜேம்ஸ் செர்பெல் இருவருடனும் சேர்ந்து, மில்களில் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்து பின் வீடுகளுக்குத் தத்துப்போன 1,169 நாய்களை, 332 சாதாரண வளர்ப்பு நாய்களுடன் ஒப்பிட்டார். மில் நாய்களிடம் அச்சம் மிக அதிகம். தொட்டால் கூசுவது அதிகம். வட்டமடிப்பது போன்ற ஓயாத செயல்கள் அதிகம். வீட்டுக்குள் அசுத்தம் செய்வதும் அதிகம். எதில் குறைவு தெரியுமா? அந்நியரைப் பார்த்துச் சீறுவதில், மற்ற நாய்களுடன் சண்டை போடுவதில், அணிலைத் துரத்துவதில். படித்ததில் என்னை நிறுத்தியது இந்தக் கடைசிப் பட்டியல்தான். கொடுமைப்படுத்தப்பட்ட நாய் கடிக்கும் என்பதுதானே நம் கணிப்பு? இவை கடிப்பதையும் துரத்துவதையும்கூட விட்டுவிட்டிருந்தன.

இத்தனைக்கும் இந்த நாய்களில் பலவற்றை யாரும் அடித்ததில்லை. அடிக்க வேண்டிய தேவையே மில்காரருக்கு இல்லை. உணவும் தண்ணீரும் வந்தன, குட்டிகள் போயின. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காமையே எப்படி இவ்வளவு பெரிய காயமாகிறது?

விடையின் முதல் பாதி அறுபது ஆண்டுக்கு முந்தையது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே டேனியல் ஃபிரீட்மன், கிங், எலியட் மூவரும் 1961-இல் வெளியிட்ட சோதனை இது. உயரமான வேலிபோட்ட ஒரு ஏக்கர் நிலத்தில், மனித முகமே படாமல் நாய்க்குட்டிகளைத் தாயுடன் விட்டார்கள். ஒரு சில குட்டிகளை 2 வாரத்தில் வெளியே எடுத்து ஒரு வாரம் மனிதருடன் பழகவிட்டுத் திருப்பி விட்டார்கள். வேறு சிலவற்றை 3, 5, 7, 9 வாரங்களில். மிச்சத்தை 14 வாரம்வரை தொடவே இல்லை. ஐந்து, ஏழு வாரங்களில் பழகியவை மனிதரை உறவாக ஏற்றுக்கொண்டன. 14 வாரம்வரை விடப்பட்டவை காட்டு விலங்குகள் போல ஆகிவிட்டன. நாய்க்குட்டியின் வாழ்வில் ஏறத்தாழ 3-ஆவது வாரத்தில் ஒரு கதவு திறக்கிறது. 12, 14 வாரத்துக்குள் சாத்திக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பார்த்தது, கேட்டது, மோந்தது, மிதித்தது எல்லாம் ‘உலகம்’ என்ற பட்டியலில் ஏறிவிடும். ஏறாதவை எல்லாம் ஆபத்து.

நம் தெருவில் பிறந்த ஒரு குட்டியை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதம் ஆவதற்குள் அதற்கு டீக்கடை தெரியும், பேருந்து ஹாரன் தெரியும், கல்லெடுக்கக் குனிபவரையும் பிஸ்கட் எடுக்கக் குனிபவரையும் பிரித்தறியத் தெரியும். விலா எலும்பு தெரிய இளைத்திருக்கலாம், சொறி இருக்கலாம். ஆனால் அதன் மூளைக்குள் ஒரு முழு ஊரே குடியிருக்கிறது. ஆயிரம் டாலருக்கு விற்ற குட்டிகளைப் பெற்றுப்போட்ட மில் நாய்க்கு இந்தச் சொத்து கிடையாது. படிக்கட்டு, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சி, மழை, காற்றில் ஆடும் திரைச்சீலை எல்லாமே அதற்கு ஆறு வயதில் முதல்முறை.

இன்னொரு பாதி கொஞ்சம் கசப்பானது. அந்த அறிவும் நாய்களை வதைத்தே பெறப்பட்டது. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் பலகையைத் தலையால் அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். மற்றொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு இரு குழுவையும், தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் குழு தாண்டியது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. படுத்து முனகிக்கொண்டு வாங்கிக்கொண்டன. ‘கற்ற கையறுநிலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உளவியல் பாடநூல் அனைத்திலும் அது ஏறிவிட்டது.

ஐம்பதாண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். அறிவியலில் நான் மதிக்கும் தருணங்களில் அது ஒன்று. மூளை நரம்பியல் ஆய்வுகள் காட்டியது இது: நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுப்போவதை விலங்கு கற்றுக்கொள்வதில்லை, மூளைத்தண்டின் செரட்டோனின் நரம்பணுக்கள் தாமாகவே கொண்டுவரும் பிறவி இயல்பு அது. கற்க வேண்டியது அதற்கு எதிரானதை. ‘நான் ஒன்று செய்தால் ஒன்று மாறும்’ என்பதை மூளையின் முன்பகுதி அனுபவத்தில் கண்டுகொண்டால்தான் அந்தச் செயலின்மையை அடக்கும். அதாவது, கையறுநிலை கற்றதன்று. கைவசம் என்பதுதான் கற்றது.

மில் நாயின் மேல் இதைப் பொருத்திப் பாருங்கள். அது எதையும் இழக்கவில்லை; அந்தக் கைவசத்தை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பிறந்த நாள் முதல் அது செய்த எதுவும் எதையும் மாற்றியதில்லை. குரைத்தாலும் அதே கூண்டு, குரைக்காவிட்டாலும் அதே கூண்டு. அதனால் நல்ல மறுவாழ்வு முறைகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: நாயின் கையில் கொஞ்சம் அதிகாரத்தைக் கொடுப்பது.

எப்படி? அறைக்குள் போய்ப் பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாயைப் பார்க்கக் கூடாது. புத்தகம் வாசிக்கலாம். அவ்வப்போது ஒரு துண்டு இறைச்சியைத் தூக்கிப்போட வேண்டும். நாய்க்கு முன்னால் போடாமல் அதற்குப் பின்னால் போட வேண்டும். இதில்தான் சூட்சுமம். முன்னால் போட்டால், பசிக்காகப் பயத்தைத் தாண்டி நம் பக்கம் வரும்படி கட்டாயப்படுத்துகிறோம். பின்னால் போட்டால், இறைச்சியும் கிடைக்கிறது, விலகும் நிம்மதியும் கிடைக்கிறது. இரண்டாம் முறை அது தானாகவே ஓரடி முன்னே வந்து நிற்கும். விலகலாம் என்று தெரிந்த பிறகே நாய் நெருங்குகிறது. மனிதர்களும் அப்படித்தானே என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு கட்டுரை.

இந்த முறையின் வேர் ஒரு குழந்தையிடம் இருக்கிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனுக்கு, அவன் பிடித்த தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது முயலை அறையின் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். நாய்க்கும் அதே வழிதான். கழுத்துப்பட்டையை முதலில் தட்டுக்குப் பக்கத்தில் கிடத்துவது, பிறகு கையில் பிடித்திருப்பது, பிறகு முதுகில் ஒரு நொடி படும்படி வைப்பது. ஒரு படி ஏறப் பத்து நாள் ஆகலாம். அவசரப்பட்டால் பத்து படி இறங்கிவிடும்.

வடக்குக் கரோலினாவின் வீவர்வில் என்ற சிற்றூரில் இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. விலங்கு வதைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கம் 2013-இல் நியூ ஜெர்சியில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2018-இல் வீவர்வில்லில் நிரந்தரமாக அமைத்த மறுவாழ்வு மையம் அது. மிகக் கடுமையான அச்சமுள்ள நாய்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டு வரவேற்பறை போலவே சோஃபாவும் தொலைக்காட்சியும் போட்ட அறைகளில் பயிற்சி. அங்கிருந்து வெளியான ஆய்வின்படி 441 நாய்களில் 86 விழுக்காடு, வீட்டுக்குப் போகும் தகுதியுடன் தேறின. முன்பெல்லாம் இத்தகைய நாய்களுக்கு ஊசிபோட்டு முடித்துவிடுவதே காப்பகங்களின் வழக்கமாக இருந்தது என்பதை நினைத்தால், இந்த எண்ணின் கனம் தெரியும்.

மருந்துக்கும் இடமுண்டு. ஃப்ளூவோக்சிடின் போன்ற, மனிதர்களுக்கும் கொடுக்கும் மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். நாயை மயக்கிப் போடுவது நோக்கமன்று. அச்சத்தின் உச்சியில் நிற்கும் மூளை எதையும் கற்காது, அதைக் கற்கும் நிலைக்கு இறக்கிக்கொண்டுவரவே மருந்து. இதைவிடச் சிறந்த மருந்து இன்னொரு நாய். மனிதரை நம்பும் ஒரு நாய் வீட்டில் இருந்தால், புதிதாக வந்தது அதன் பின்னாலேயே போகும். படி ஏறுவது, வாசலைத் தாண்டுவது, நாற்காலியில் இருப்பவரின் கையில் மூக்கை வைப்பது என எல்லாவற்றையும் முதலில் அந்த நாய் செய்து காட்டும். இது தள்ளி நின்று பார்க்கும். நாம் ஒரு மாதம் சொல்லிக்கொடுப்பதை அது ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு கழிவுப் பிரச்சினைதான். சாதாரணக் குட்டி மூன்று வாரம் ஆனதுமே படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்க் கழிக்கத் தொடங்கும். இரண்டடிக் கூண்டில் தள்ளிப்போக இடமேது? அந்த இயல்பு முளையிலேயே கருகிவிடுகிறது. வெளியே அரை மணி நேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் கம்பளத்தில் போகும். திட்டினால், மனிதர் இருக்கும்போது போகக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டு, சோஃபாவுக்குப் பின்னால் போகும். எனவே திட்டாமல், குறித்த நேரங்களில் வெளியே அழைத்துப்போய், அங்கே கழித்தபோதெல்லாம் உடனே ஒரு துண்டு கோழி. மாதங்கள் ஆகும்.

இன்னோர் எச்சரிக்கை. முதல் சில வாரங்களில் இந்த நாய்கள் தப்பி ஓடினால், கூப்பிட்டால் வராது. கூப்பிடுபவர் யார் என்றே அவற்றுக்குத் தெரியாது. அதனால் கழுத்தில் ஒரு கயிறு, உடலைச் சுற்றிய பட்டையில் ஒரு கயிறு என்று இரண்டாகக் கட்டியே வாசலைத் திறக்கிறார்கள். வேலியிட்ட முற்றத்திலும் அப்படித்தான்.

எல்லா நாயும் மடியில் வந்து படுத்துக்கொள்ளும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. பல ஆண்டு அன்பாக வளர்த்த பிறகும், தூக்கப் போனால் உடம்பு விறைத்துக்கொள்ளும் நாய்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அதைத் தோல்வி என்று சொல்லமாட்டேன். தானாக எழுந்து, தானாக நடந்து, வெயில் விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் படுக்கத் தெரிந்துவிட்டால் அந்த நாய் தேறிவிட்டது.

மீட்பிலும் சங்கடமான ஒரு பக்கம் உண்டு. மிசௌரியில் நாய் ஏலங்கள் நடக்கின்றன. மில்காரர்கள் தங்களுக்குப் பயன்படாத நாய்களை அங்கே விற்பார்கள். மீட்புக் குழுவினர் நன்கொடைப் பணத்துடன் போய் ஏலம் கேட்பார்கள். 2018-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஆவணங்களைத் தோண்டிக் கணக்குப் பார்த்தது: 2009 முதல், மீட்புக் குழுக்களும் அவற்றைச் சார்ந்தவர்களும் 5,761 நாய்களுக்கு 26.8 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். ஒரு நாயை விடுவிக்கக் கொடுத்த பணத்தில் மில்காரர் அடுத்த நாயை வாங்குவார். கண்முன் நிற்கும் நாயை விட்டுவிட்டு வரவும் மனம் வராது. இந்தத் தர்மசங்கடத்துக்கு எளிய விடை இல்லை. ஆனாலும், ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவது மீட்பு ஆகாது என்பதே என் கட்சி.

அடைக்க வேண்டியது மறுமுனையை, அதாவது கடையை. கடையில் வாங்கிய குட்டிகளும் தப்புவதில்லை. 2013-இல் மெக்மில்லன் குழு, கடைகளில் வாங்கிய 413 நாய்களை, வணிக நோக்கில்லாத வளர்ப்பாளர்களிடம் வாங்கிய 5,657 நாய்களுடன் ஒப்பிட்டது. ஆராய்ந்த 14 நடத்தைகளில் 12-இல் கடை நாய்களின் நிலை மோசம். இவை கடிப்பதும் அதிகம். மில்லிலேயே கிடந்த நாய்களைப் போல இவை உறைந்துபோகவில்லை, வீட்டாரிடமே சீறின. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவள் பட்ட அழுத்தமும், மிகச் சின்ன வயதில் பிரித்து லாரியில் ஏற்றிய பயணமும் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

கலிபோர்னியா 2019 முதல், கடைகள் காப்பகத்திலிருந்து வந்த நாய்களைத் தவிர வேறு நாய்களை விற்கத் தடை போட்டது. இங்கிலாந்தில் ஒரு பெட்டை நாயின் பெயரிலேயே சட்டம் இருக்கிறது. லூசி என்ற கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல், 2013-இல் வேல்ஸ் பகுதியின் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்டது. கூண்டிலேயே கிடந்து முதுகு வளைந்து, இடுப்பு எலும்புகள் இறுகிப்போயிருந்தன. 2016 டிசம்பரில் இறந்தது. மார்க் ஆப்ரகாம் என்ற கால்நடை மருத்துவர் முன்னின்று நடத்திய இயக்கத்தால், 2020 ஏப்ரல் 6 அன்று ‘லூசி சட்டம்’ அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகரோ கடைக்காரரோ விற்கக் கூடாது. வளர்ப்பவரே, குட்டி பிறந்த இடத்திலேயே, தாயுடன் சேர்த்துக் காட்டி விற்க வேண்டும்.

இந்தியாவிலும் 2017-இல் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வந்தன. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு குட்டி வாங்கப் போகிறவர் எத்தனை பேர்? படத்தைப் பார்த்து, முன்பணம் அனுப்பி, பேருந்து நிலையத்தில் அட்டைப்பெட்டியில் குட்டியை வாங்கிக்கொள்வது இங்கே சகஜமாகிவிட்டது.

விதி தெரியாவிட்டால் போகட்டும். குட்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: தாயைக் காட்டச் சொல்லுங்கள். அது மண்ணில் நடந்து வருகிறதா என்று பாருங்கள். “தாய் வேறு இடத்தில் இருக்கிறது” என்று சொன்னால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.